பின்னறைக்குப் போன பாயின்ட்

2025 செப்டம்பர் 24, புதன்

இடுப்பு வலி கொஞ்சம் தேவலை. இரண்டு வேளை வெந்நீர் ஒத்தடம். நவராத்திரி மூன்றாம் நாள். மனைவி விசாலம் காலமாகி வருஷம் திரும்பாததால் வீட்டில் கொலு இல்லை. எதிர் ஃபிளாட்டிலிருந்து சுண்டல் வந்தது. கடலை வேகவே இல்லை. எழுபத்திரண்டு வயதுப் பல்லுக்கு அது ஒரு பரீட்சை.

காலையில் மெல்போர்னிலிருந்து ஸ்ரீலேகா கூப்பிட்டாள். திங்கட்கிழமை பாத்ரூமில் வழுக்கி விழுந்ததை அவளிடம் உளறியிருக்கக் கூடாது. அரைமணி நேரம் ஈரத்தரையில் கிடந்தேன். போன் சட்டைப் பையில்தான் இருந்தது, ஆனால் பின்பக்கம் மொபைல் சிக்னலும் எடுக்காது, வைஃபையும் எட்டாது. மாட்டுங்காவில் இந்த மாதிரிப் பழைய கட்டடங்களுக்கு ஒன்றரை அடிச் சுவர். கடைசியில் நானே கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

பெண் உத்தரவு போட்டுவிட்டாள். ஹாலில் பால்கனிப் பக்கம் இருக்கும் இன்டர்நெட் பாயின்ட்டை நான் படுக்கும் பின்னறைக்கு மாற்ற வேண்டும். கட்டிலுக்கு மேலே ஒரு கேமரா. அவள் அங்கிருந்தே பார்த்துக்கொள்வாளாம். "தனியா இருக்கேள்ப்பா. தம்பி அனந்த் இதோ பக்கத்துல நெருள்ல இருந்தும் என்ன பிரயோஜனம்?" என்று ஆரம்பித்தாள். அந்தப் பேச்சு வேண்டாம் என்றேன். பாயின்ட்டுக்கு மட்டும் சரி சொன்னேன். கேமரா முன்னால் எப்படிக் கொட்டாவி விடுவது என்று தெரியவில்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

கம்பெனிக்குப் போன் செய்தேன். பதினேழு நிமிஷம் சங்கீதம் கேட்க வைத்தார்கள். அப்புறம் ஒரு பெண் வந்தாள். கனெக்‌ஷன் விசாலாக்ஷி பெயரில் இருக்கிறது. "மேடம் கோ ஃபோன் தீஜியே, சார்" என்று, போனை மேடத்திடம் கொடுக்கச் சொன்னாள். மேடம் இல்லை என்றேன். மேடம் எப்போது வருவார் என்று அடுத்த கேள்வி.

கறிகாய் வாங்கப் போயிருக்கிறாள், பன்னிரண்டுக்குள் வந்துவிடுவாள் என்று சொல்லத்தான் வாய் தயாராக இருந்தது. பிறகு உண்மையைச் சொன்னேன். அவளும் பாவம், சாரி சொன்னாள். சொல்லிவிட்டுப் பட்டியலைப் படித்தாள். முதலில் பெயர் மாற்றம்: மரணச் சான்றிதழ், என் ஆதார், குடியிருப்பு சொசைட்டியின் கடிதம். அதோடு சேர்த்தே பாயின்ட்டை மாற்ற ஆள் வருவாராம். கடைசியில், வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டாள்.

செப்டம்பர் 29, திங்கள்

சான்றிதழ் ஆறு ஜெராக்ஸ். அவள் பெயர் ஆறு தடவை.

அக்டோபர் 7, செவ்வாய்

கம்பெனியிலிருந்து காளிராஜ் என்று ஒருவர் வந்தார். தாராவிக்காரர், நாற்பது வயதிருக்கும், திருநெல்வேலிப் பேச்சு. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தது பிடித்தது. இன்று இடம் மட்டும் பார்ப்பாராம், வேலை பிறகு. என் போனில் ஒரு ஆப் போட்டு, அதைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாக நடந்தார். பால்கனியில் நின்று, "சார், இது எதிர் பிளாட்பாரம் வரைக்கும் அடிக்கி. அந்த வாழையெலக் கடையில நின்னாலும் கெடைக்கும். வீட்டுக்காரரு உள்ள சிக்னல் இல்லாம கெடக்காரு, தெருவுக்கு நெட்டு போவுது!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

பிறகு ஆப்பைக் காட்டினார். எந்தெந்தப் போன், எந்த டி.வி. நம் வைஃபையில் ஏறியிருக்கிறது என்று ஒரு பட்டியல். இப்போது ஏறியிருப்பதற்குப் பச்சைப் புள்ளி. மற்றதற்குக் கடைசியாக எப்போது ஏறியது என்று தேதி, மணி. நான்கு பெயர்கள் இருந்தன. என் போன். டி.வி. விசாலத்தின் போன் — ஓ.டி.பி. அதற்குத்தான் வருமென்று சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன். நாலாவது, 'Anand'.

"இது யாரு சார்? பழசா? வேண்டாம்னா தூக்கிருவோம்."

"இருக்கட்டும்" என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

அனந்த் கடைசியாக இணைந்தது: செப்டம்பர் 16, பகல் 12:38.

அவர் போனபிறகு காலண்டரைப் பார்த்தேன். பார்க்க வேண்டியதே இல்லை, எனக்கே தெரியும். செப்டம்பர் 16 தேய்பிறை தசமி. மாதாமாதம் அந்தத் திதியில் செய்யும் விசாலத்தின் மாசிகம். வாத்தியார் இந்த ஹாலில் உட்கார்ந்து மந்திரம் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது.

இந்த வீட்டுக்குள் அவன் வந்து ஐந்தரை மாதம் ஆகிறது.

அக்டோபர் 8, புதன்

எழுதிவிடுகிறேன். யாரிடமும் சொல்லவில்லை. இங்கேயாவது சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 23. காலையில் விசாலம் போனாள். அனந்த் ஆபீஸ் வேலையாக குவாஹாட்டியில் இருந்தான். "வந்துண்டிருக்கேன்ப்பா, ஆறு மணிக்கு ஆத்துல இருப்பேன். அம்மாவைப் பார்க்கணும், எனக்காக இருங்கோ" என்றான். வாத்தியாரும், அஸ்தமனத்துக்குள் எடுத்தால் போதும், பிள்ளை வரட்டும் என்றார். அம்மாவுக்குச் செய்ய வேண்டியவன் பிள்ளைதானே. யாரும் அவசரப்படுத்தவில்லை. நான்தான். முப்பத்தாறு வருஷம் ஒரே 8:17 லோக்கல் ரயிலில் ஆபீஸ் போன மனுஷன். அவன் சொன்ன நேரத்துக்கு எங்கே வந்திருக்கிறான், ஃபிளைட் லேட் ஆகும், இருட்டிவிடும், எல்லாரும் காத்திருப்பார்கள் — இரண்டு மணிக்கு எடுக்கலாம் என்றேன். கொள்ளி நான் வைத்தேன்.

ஆறு ஐந்துக்கு வந்தான். ஐந்து நிமிஷம்தான் தாமதம். ஹாலைக் கழுவிவிட்டிருந்தோம். தோளில் பையோடு நின்று, "அம்மா எங்கேப்பா?" என்றான். அவனுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. "நாலு மணி நேரம். நாலே நாலு மணி நேரம் உங்களால இருக்க முடியலையா? மூஞ்சியைக்கூடக் காட்டாம எடுத்துட்டேளே!"

எனக்கும் அப்போது உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. தப்பு பண்ணிட்டோம்னு தெரிஞ்சா எனக்குக் கோபம்தான் வரும். எப்பவும் அப்படித்தான். விசாலத்தைக் கேட்டால் சொல்லுவாள். கேட்க முடியாது. "நேரத்துக்கு வரத் தெரியாதவன் இந்த வாசப்படி ஏற வேண்டாம்" என்றேன். அத்தனை பேர் முன்னால்.

திரும்பிப் போனான். பதிமூன்று நாள் காரியத்தில் ஒரு நாளும் வரவில்லை. மாசிகத்துக்கும் வரவில்லை. அம்மாவுக்குச் செய்யக்கூட வராத பிள்ளை என்று நானும் மாதாமாதம் வைதுகொண்டு நானே தர்ப்பையை மாட்டிக்கொள்கிறேன்.

ஏற வேண்டாம் என்றேன். ஏறவில்லை. எதிர் பிளாட்பாரத்தில் வந்து நின்றிருக்கிறான். போன் அவன் பையிலிருந்தபடி தானாகவே வீட்டு வைஃபையில் ஏறியிருக்கிறது. பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்ததே அவன்தான்.

மாசிகத் தேதி மாதாமாதம் மாறும். பஞ்சாங்கம் பார்க்காமல் தெரியாது. அவனோ தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பவன். அமாவாசை எது, பௌர்ணமி எது என்று அம்மாவைக் கேட்டவன். எங்கே பார்த்து, யாரைக் கேட்டுத் தெரிந்துகொண்டான்?

அக்டோபர் 10, வெள்ளி

பாயின்ட்டை மாற்ற வேண்டாம் என்று ஸ்ரீலேகாவிடம் சொன்னேன். ஏன் என்றாள். ஹாலிலேயே படுத்துக்கொள்கிறேன் என்றேன். பாத்ரூம் பின்னால்தானே இருக்கிறது என்றாள். பேச்சை மாற்றினேன். "பிடிவாதம்ப்பா உங்களுக்கு. அம்மா எப்படித்தான் நாற்பத்தஞ்சு வருஷம்..." என்று நிறுத்திக்கொண்டாள்.

உன் தம்பி தெருவில் வந்து நிற்கிறான், அந்த வைஃபை பெட்டி அங்கே இருந்தால்தான் எனக்குத் தெரியும் — இதைச் சொல்ல வேண்டியதுதானே? சொன்னால் உடனே அவனைக் கூப்பிடுவாள். அப்பாவுக்குத் தெரியும் என்று தெரிந்தால் அவன் வர மாட்டான். என் பிள்ளை. என் ரத்தம்தான் ஓடுகிறது.

அக்டோபர் 15, புதன்

இன்று மாசிகம். காலையிலேயே கீழே போய் எதிர் பிளாட்பாரத்து அய்யாத்துரை கடையில் வாழையிலை வாங்கினேன். பிளாட்பாரத்தைச் சுற்றிப் பார்த்தேன். யாருமில்லை.

போனைப் பஞ்சபாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். வாத்தியார் பார்த்தார். பெண் கூப்பிடுவாள் என்று பொய் சொன்னேன். பித்ரு காரியத்தில் உட்கார்ந்து பொய்.

11:14க்குப் பச்சைப் புள்ளி வந்தது.

கையிலிருந்த எள் சிந்திவிட்டது. "பதறாதீங்கோ அண்ணா" என்றார் வாத்தியார். அவர் சொல்லச் சொல்ல நான் திருப்பிச் சொன்னேன். வழக்கத்தைவிடச் சத்தமாகச் சொன்னேன். பால்கனிக் கதவு திறந்திருந்தது. கேட்கட்டும் என்றுதான்.

12:41 வரை இருந்தான். பால்கனிக்குப் போகவில்லை. போனால் என்னைப் பார்ப்பான். பார்த்தால் அடுத்த மாதம் வேறு எங்கேயாவது போய் நிற்பான். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் அக்டோபர் வெயிலில் நின்ற பிள்ளைக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொடுக்க முடியவில்லை. மேலே காரியத்துக்கு வந்த மூன்று பேருக்கு வடை பாயசத்தோடு இலை போட்டிருந்தேன்.

அக்டோபர் 16, வியாழன்

அவன் நம்பரை எடுத்தேன். வைத்தேன். எடுத்தேன். வைத்தேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. நமக்கில்லை. ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்கினேன்.

நவம்பர் 3, திங்கள்

பெயர் மாற்றம் ஆகிவிட்டது என்று செய்தி வந்திருக்கிறது. டியர் பஞ்சாபகேசன், வெல்கம் என்று. விசாலாக்ஷி என்ற பெயரில் இந்த வீட்டில் இருந்த கடைசிப் பொருள் அது. கேஸ், மின்சாரம் எல்லாம் எப்போதும் என் பெயரில்தான்.

காளிராஜ் தேதி கேட்டுப் போன் செய்தார். இடுப்பு வலி, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன். "ஒடம்பு சரியில்லன்னுதான சார் மாத்தவே சொன்னீக?" என்றார். நியாயமான கேள்வி.

நவம்பர் 8, சனி

காலையில் பின்னறையில் தலை சுற்றிவிட்டது. விழவில்லை, கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். ஸ்ரீலேகா போட்ட ஏழு காலும் ஹாலில் வைத்திருந்த போனில் அடித்து ஓய்ந்திருக்கின்றன. எட்டாவதை எடுத்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அழுதாள்.

"அம்மா போனப்போ நான் வந்து சேர மூணு நாள் ஆச்சுப்பா. உங்களுக்கும் அப்படித்தான் ஆகணுமா? யாரோ பக்கத்தாத்துக்காரா சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?"

அவளும் அம்மா முகத்தைப் பார்க்கவில்லை. அது இத்தனை நாள் எனக்குத் தோன்றவே இல்லை. அவள் கேட்கவில்லை, அதனால் தோன்றவில்லை.

காளிராஜை வரச் சொல்லிவிட்டேன்.

நவம்பர் 11, செவ்வாய்

ஆயிற்று. ஒன்றரை மணி நேர வேலை. பால்கனி வழியாக வந்த பழைய ஒயரைச் சுருட்டி எடுத்துவிட்டார். மாடிப்படிப் பக்கமாகப் புது ஒயர் இழுத்துப் பின்னறைச் சுவரில் துளை போட்டார். துளை போடும்போது சுவரிலிருந்து சிவப்பு மண் கொட்டியது. நானே பெருக்கினேன்.

பழைய பெட்டியையும் எடுத்துக்கொண்டார். பழைய கணக்கோடு அதுவும் போக வேண்டுமாம். புதுப் பெட்டி. ஸ்ரீலேகா வீடியோவில் இருந்தபடியே அவரிடம் பேசிப் புதுப் பெயர், புது பாஸ்வேர்டு எல்லாம் போட வைத்தாள். கேமரா இருப்பதால் கெட்டியான பாஸ்வேர்டாக இருக்க வேண்டுமாம். எனக்கு அதில் கவனமில்லை. என் கவலை தூரம் ஒன்றுதான்.

"எதிர் பிளாட்பாரத்துக்கு எட்டுமா?" என்று கேட்டேன்.

"எங்க சார், ஒங்க ஹாலுக்கே சரியா வராது. வாசக்கதவு வரைக்கும் ரெண்டு கட்டை சிக்னல் வரும். அதத் தாண்டுனா ஒண்ணுமில்ல." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அதான நமக்கு வேணும்? தெருவுல ஒருத்தனும் ஏற மாட்டான்" என்று சமாதானம் வேறு சொன்னார்.

காபி கொடுத்து அனுப்பினேன். கேமரா தலைக்கு மேலே இருக்கிறது. அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். ஸ்ரீலேகா சிரித்தாள்.

நவம்பர் 14, வெள்ளி

மாசிகம். போனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளவில்லை. எதற்கு?

பன்னிரண்டே முக்காலுக்கு முடிந்தது. வாத்தியாருக்குத் தட்சிணை கொடுத்த கையோடு படி இறங்கினேன். மெதுவாகத்தான் இறங்க முடிகிறது. அய்யாத்துரை இலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"என் பையன் இங்கே வந்தானா?" என்று நேராகவே கேட்டேன். மாதக்கணக்கில் கேட்டிருக்க வேண்டியது.

"வந்தாருல்லா. மாசாமாசம் வருவாரே, ஒங்களுக்குத் தெரியாதா? இந்தா, இந்தத் தூணுகிட்டதான் நிப்பாரு. மந்திரம் முடிஞ்ச பொறவுதான் போவாரு. இன்னைக்கி சீக்கிரமே போயிட்டாரு. போனப் பாத்தாரு, திரும்பத் திரும்பத் தட்டுனாரு. ஒங்க பால்கனியப் பாத்தாரு. மொகமே செத்துப்போச்சு. என்ன தம்பின்னேன், ஒண்ணுமில்லண்ணேன்னுட்டு விறுவிறுன்னு ஸ்டேசன் பக்கம் போயிட்டாரு."

எத்தனை மணிக்கு என்றேன். பதினொன்றரை இருக்கும் என்றார்.

அந்தத் தூணைப் பார்த்துவிட்டு வந்தேன். அங்கிருந்து எங்கள் ஹால் தெரியாது. பால்கனிக் கொடியில் காயும் என் வேஷ்டிதான் தெரிகிறது.

நவம்பர் 16, ஞாயிறு

ஸ்ரீலேகா பேச்சுவாக்கில் சொன்னாள். "அனந்த் வெள்ளிக்கிழமை ஃபோன் பண்ணினான்ப்பா. அப்பா வைஃபை பாஸ்வேர்டை மாத்திட்டாரான்னு கேட்டான். ஆமாம், எல்லாமே புதுசுன்னேன். சரின்னு வெச்சுட்டான். அவனுக்கு எதுக்கு அது?"

எனக்குத் தெரியும் எதற்கு என்று.

வாசற்படி ஏறாதே என்று அப்பா சொன்னார். ஆனால் வீடு அவனை இன்னும் உள்ளே விட்டுக்கொண்டுதான் இருந்தது. அவன் பெயரை யாரும் எடுக்கவில்லை, அம்மா இருந்தபோது போட்ட பாஸ்வேர்டை யாரும் மாற்றவில்லை. மாதம் ஒரு தடவை வந்து அதைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். நான் அந்தப் பச்சைப் புள்ளியைப் பார்த்த மாதிரியேதான் அவனும் கீழே நின்று பார்த்திருக்கிறான். வெள்ளிக்கிழமை பார்த்தபோது இல்லை. அப்பா கடைசிக் கதவையும் சாத்திவிட்டார் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டான்.

ஐயோ, நான் சாத்தலைடா. எனக்குத் தெரியாதுடா. தூரத்தைத்தான் நினைச்சேன். பாஸ்வேர்டு எனக்குத் தோணவே இல்லைடா.

நவம்பர் 17, திங்கள்

காலை முழுக்க ஒரு மெசேஜ் எழுதினேன். முதலில் எழுதியது நீளம். ஏப்ரல் 23 முதல் ஆரம்பித்து, வாத்தியார் காத்திருக்கச் சொன்னது, நான் கேட்காதது எல்லாம். படித்துப் பார்த்தால் ஆபீஸில் மெமோவுக்குப் பதில் எழுதின மாதிரி இருந்தது. அழித்தேன். மன்னித்துக்கொள் என்று எழுதினேன். அப்பா பிள்ளையிடம் எழுதுகிற வார்த்தையா அது என்று அழித்தேன். பிறகு மறுபடி எழுதினேன். மறுபடி அழித்தேன். எழுபத்திரண்டு வயதிலும் இந்த வீம்பு போகவில்லை பார்.

அனுப்பியது இதுதான். அவனுக்குப் படிக்க வரவேண்டும் என்று தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்தேன். 'வைஃபை பெயர் இது. பாஸ்வேர்டு இது. நான் விழுந்ததால் பாயின்ட்டைப் பின்னறைக்கு மாற்றியிருக்கிறது. தெருவில் வராது. வாசற்கதவு வரை வந்தால்தான் வரும். அப்பா.'

நவம்பர் 18, செவ்வாய்

பார்த்துவிட்டான். இரண்டு டிக்கும் நீலம். பதில் இல்லை.

நவம்பர் 25, செவ்வாய்

இல்லை.

டிசம்பர் 6, சனி

கேமராவுக்குப் பழகிவிட்டேன். படுக்கும்போது குட்நைட் சொல்கிறேன். அங்கே அப்போது விடியற்காலை மூன்று மணியாம்.

டிசம்பர் 14, ஞாயிறு

பத்தரைக்கு வாத்தியார் வந்துவிட்டார். பதினொன்றுக்கு ஆரம்பிக்கலாமா என்றார். கொஞ்சம் இருக்கலாம் என்றேன். பதினொன்றே காலுக்கும் அதையே சொன்னேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை அவர் கேட்டதே இல்லை. "உடம்பு சரியில்லையா அண்ணா?" என்றார். சரியாகத்தான் இருக்கிறது, அஸ்தமனம் வரைக்கும்கூட இருக்கலாம் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். விசிறியை எடுத்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார்.

பின்னறையில் கட்டிலில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாக எட்டு நிமிஷம் இருக்கும்போது பட்டியலில் ஒரு பெயர் ஏறியது. 'Anand'. பச்சைப் புள்ளி.

தெருவில் வராது. ஒன்றரை அடிச் சுவர். வாசற்கதவு வரைக்கும் ரெண்டு கட்டை.

இடுப்பு வலியெல்லாம் எங்கே போயிற்றோ. கதவைத் திறந்தேன். ஒரு கையில் செருப்பு, ஒரு கையில் போன், மணி அடிக்காமல் நின்றுகொண்டிருந்தான். இளைத்திருக்கிறான். காதோரம் நரைத்திருக்கிறது, ஏப்ரலில் இல்லை.

"உள்ள வரலாமாப்பா?"

வளர்ந்த வீட்டு வாசலில் நின்று பிள்ளை அனுமதி கேட்கிறான். செருப்பை அவன் கையிலிருந்து வாங்கி உள்ளே வைத்தேன்.

குளித்துவிட்டு என் வேஷ்டியைக் கட்டிக்கொண்டான். தர்ப்பைப் பவித்திரத்தை வாத்தியார் அவன் விரலில் மாட்டினார். பிள்ளை இருக்கும்போது அவன் செய்வதுதான் முறை என்றார். அம்மா பெயர் சொல்லும் இடத்தில் அனந்த் நிறுத்திவிட்டான். வாத்தியார் அவசரப்படுத்தவில்லை. நான் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன்.

எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு ஹாலில் தரையில் உட்கார்ந்தான்.

"அம்மாவை இங்கேதான் வெச்சிருந்தேளா?"

"ஆமாம்."

"தலை எந்தப் பக்கம்?"

காட்டினேன். அந்த இடத்தைக் கையால் தடவினான்.

"என்ன புடவை கட்டியிருந்தா?"

யோசித்துப் பார்த்தேன். சிவப்பா? கூறைப் புடவையா? புதிதாக ஏதாவது வாங்கி வந்தார்களா? கட்டிவிட்டது மூன்றாம் மாடி மாமி. நான் அப்போது வாத்தியாரிடம் மணி கேட்டுக்கொண்டிருந்தேன், வண்டிக்காரனுக்குப் போன் செய்துகொண்டிருந்தேன். அவளை ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்தேனா?

"மாமியைக் கேட்டுச் சொல்றேன்டா."

"வேண்டாம்ப்பா. நீங்க பார்த்தேளேன்னு கேட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. நாலு மணிக்குக் கிளம்பினான். அடுத்த தசமி என்றைக்கு என்று கேட்டுப் போனில் குறித்துக்கொண்டான். வாசலில் கொஞ்சம் தயங்கி, உடம்பைப் பார்த்துக்கோங்கோ என்றான். வருவான். ஆனால் அம்மா முகத்தை நான் அவனுக்கு எங்கிருந்து கொடுப்பேன்?

இந்த டயரியில் ஏப்ரல் 23ஆம் தேதிப் பக்கத்தைப் புரட்டினேன். 7:10 என்று இருக்கிறது. வாத்தியார் வந்தது 9:20. வண்டி வந்தது 1:40. எடுத்தது 2:00, பக்கத்தில் 'சரியாக' என்று ஒரு வார்த்தை வேறு. வீடு திரும்பியது 4:35. எல்லாம் என் கையெழுத்து, ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. இரண்டு தடவை படித்துவிட்டேன். புடவை எங்கேயும் இல்லை.